சலங்கில் ஏறிய கூத்து



பிள்ளைச்சாவடி மணலில் நின்று தெற்கே நோக்குங்கள். 1848-இல் பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்தது. ஆணையின் மை உலருமுன்பே கரும்புத் தோட்ட முதலாளிகளின் கண், புதுவை, காரைக்கால் கரைகளின்மீது விழுந்தது. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றனர்; கைநாட்டுப் பெற்றனர்; சலங்குகளில் ஏற்றிக் கப்பல் சேர்த்தனர். ரியூனியனுக்கு 1,00,000 பேருக்கு மேல்; குவாதலூப்புக்கு 40,000 பேருக்கு மேல். பெரும்பகுதியினர் நம் துறைகளின் வழியே!

அவர்கள் கொண்டு சென்றது பொன்னா, பொருளா? கூத்து! நாடகம் என்னும் நம் சொல் ரியூனியனில் ‘நர்ல்கோன்’ ஆயிற்று. குவாதலூப்பில் ‘நத்ரோன்’ ஆயிற்று. வாத்தியார் ‘வர்த்தியால்’ ஆனார். தாய்மொழி நாவைவிட்டு நழுவிய பின்னும், பாட்டைத் தமிழில் பாடிப் பொருளைக் கிரியோலில் விளக்கி, விடிய விடிய ஆடினர்.

இங்கோ? சங்கரதாசு சுவாமிகள் 1922-இல் கண்மூடியது புதுவையில். அவர் பெயர் தாங்கிய நிகழ்கலைப் பள்ளி, பிள்ளைச்சாவடிக்கு அருகே காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. எனினும், பாஞ்சாலிக்காகக் கலங்கும் வில்லியனூரும் பாகூரும், சலங்கேறியவன் கதையை எத்தனை இரவு கண்டன?

கூத்து பழங்குப்பை, மேடைப் பேச்சே போதும் என்போர் நம்மிடையேயும் உளர். (பேச்சாளர்களாகத்தான் இருப்பர்!) கூத்திலே கட்டியக்காரன் மன்னனையே மடக்குவான்; கூட்டத்தையும் பேச்சுக்கு இழுப்பான். அதைவிட அரசியற் பள்ளி ஏது?

இன்னொரு சாரார் உளர். கடல் கடந்த பாட்டனுக்குக் கண்ணீர் வடிப்பர். பீகாரிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியை ஏளனம் செய்வர். 2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. அஞ்சியோர் மூட்டை கட்டினர். செய்தி பொய், அச்சம் மெய். நாள்தோறும் நாம் வீசும் ஏச்சுக்கு அதில் பங்கில்லையா?

கூலியைக் கெடுக்க வந்தவன் என்கிறீர். ஐயா, விடுதலை பெற்ற அடிமைகளின் கூலியை மிதிக்கவே நம் பாட்டனைக் கப்பலேற்றினர்! தோட்டத்தில் அவனும் அதே ஏச்சைத்தான் கேட்டான். கூலியைக் குறைத்த முதலாளியோ நிழலில் இருந்தான்.

கொடித் தோரணச் செலவில் ஒரு பகுதியை எடுங்கள். பிள்ளைச்சாவடியில் ஓர் இரவு இக்கதையைக் கூத்தாக ஆடச் செய்யுங்கள். வடபுலத் தொழிலாளரை விருந்தினராய் முன்வரிசையில் அமர்த்துங்கள். விடிந்ததும் கலையாதீர், வட்டமாக அமருங்கள். இந்தியோ ஒடியாவோ அறிந்த தோழர் மொழிபெயர்க்கட்டும். முதலில் அவர்களைப் பேச விடுங்கள்: எந்த ஊர்? அழைத்து வந்தவன் யார்? சொன்ன கூலி எவ்வளவு? கைக்கு வருவது எவ்வளவு?