எட்டுக்கால் ஆசை!

2021 ஜூலை மாதம் போலந்து நாட்டிலிருந்து சென்னைக்கு ஒரு தபால் பார்சல் வந்தது. சுங்க இலாகா அதிகாரிகளுக்குச் சந்தேகம் தட்டியது. பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். எண்ணினார்கள்: 107. குப்பிக்கு ஒன்றாக உயிருள்ள சிலந்திகள்!

அத்தனையும் டரான்டுலா எனும் மயிர் அடர்ந்த சிலந்தி வகை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கப் பக்கத்துச் சரக்கு. தமிழ்நாட்டின் தென் மாவட்டத்து முகவரிக்குப் போக இருந்தது. இறக்குமதி லைசென்சும் இல்லை, சுகாதாரச் சான்றும் இல்லை. வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்ப உத்தரவானது.

சிலந்தியைக் கண்டால் விளக்குமாற்றைத் தேடுகிற ஊரில், காசு கொடுத்துச் சிலந்தி வாங்க ஆள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். நாய், பூனை, கலர் மீன் அலுத்தவர்களுக்கு இது புது மோகம். ஆசைப்படுவது குற்றமல்ல. விவரம் தெரியாமல் இறங்குவதுதான் வம்பு.

கடித்தால் சாவா?

அமெரிக்க வகைகளில் பெரும்பாலானவை கடித்தால் உயிர் போகாது. தேனீ கொட்டின மாதிரி வலிக்கும். ஆனால் கோபம் வந்தால் பின்னங்காலால் வயிற்று மயிரைத் தேய்த்து உதறும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் டாக்டரிடம் ஓட வேண்டும். இந்தியா, இலங்கையின் மரப் பொந்துகளில் வாழும் வகைக்கு இந்த மயிர் ஆயுதம் கிடையாது. கடிதான் பொல்லாதது. வலியோடு தசைப்பிடிப்பும் சேர்ந்து வாட்டும்.

ஆகவே கையில் எடுத்து விளையாடலாம் என்ற நினைப்பே வேண்டாம். அதற்கும் ஆபத்துதான். கையிலிருந்து தவறி விழுந்தால் வயிறு வெடித்துச் செத்துவிடும்.

செலவு கம்மி, பொறுமை ஜாஸ்தி!

காற்றுத் துளையும் இறுக்கமான மூடியும் உள்ள பெட்டி, அடியில் தென்னை நார்த்தூள், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, சின்னத் தண்ணீர்க் கிண்ணம். வீடு தயார்! சாப்பாட்டுக்கு வாரம் ஒன்றிரண்டு வெட்டுக்கிளி போதும். தின்னாமல் விட்டால் எடுத்துவிட வேண்டும்.

சில சமயம் வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். பிறகு ஒருநாள் மல்லாந்து படுத்துவிடும். "ஐயோ, செத்துப்போச்சு" என்று குப்பையில் கொட்டியவர்கள் உண்டு! அது சாகவில்லை, சட்டை உரிக்கிறது. அப்போது தொடக்கூடாது. உரித்த பின்னும் உடம்பு கெட்டிப்பட நாளாகும். அதுவரை இரை போடவும் கூடாது. இரையாகப் போட்ட பூச்சியே சிலந்தியைக் கடித்துவிடும்.

ஆயுசையும் யோசிக்க வேண்டும். ஆண் சில வருஷத்தில் போய்விடும். பெண்ணோ 20 வருஷம்கூடத் தாண்டும். ஐந்தாம் வகுப்புப் பையன் அடம்பிடித்து வாங்கியது, அவன் கல்யாணத்தன்றும் பெட்டியில் உட்கார்ந்திருக்கும். அதுவரை இரை போடப்போவது யார்?

காகிதம் எங்கே?

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி, இந்தச் சிலந்தி எங்கிருந்து வந்தது என்பது. ஆந்திராவில் குத்தி என்ற ஊரின் ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த நீலச் சிலந்தியை 1899-ல் விஞ்ஞானிகள் பதிவு செய்தார்கள். அதன்பின் 2001-ல்தான் நந்தியால் பக்கத்துக் காட்டில் அது மறுபடி கண்ணில் பட்டது. இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அழகுக்கு ஆசைப்பட்டு ஆளுக்கு ஒன்று பிடித்தால் என்ன மிஞ்சும்? அந்த இனம் முழுவதையும் 2019-ல் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் சேர்த்தார்கள்.

நம் வனவிலங்குச் சட்டமும் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. சர்வதேசப் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பிராணியை வைத்திருந்தால் பதிவு செய்ய வேண்டும். கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்யலாம்.

ஆனால் இது எத்தனை பேருக்குத் தெரியும்? சட்டம் புத்தகத்தில் தூங்கினால் போதாது. பிராணிகள் விற்கும் ஒவ்வொரு கடை வாசலிலும் தமிழில் எழுதித் தொங்கவிட வனத்துறை ஏற்பாடு செய்ய வேண்டும். ரசீதும் பதிவுச் சான்றும் இல்லாமல் விற்பவர்கள் மீது நடவடிக்கை வேண்டும். பார்சலைப் பிடிப்பதோடு நிறுத்தாமல், வாங்கி விற்கும் கையையும் பிடிக்க வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டு விழிப்பவர்கள் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கை கழுவக்கூடாது. வனத்துறையிடம் சொல்வதே முறை. புதிதாக வாங்கப்போகிறவர்கள் விலையை அப்புறம் கேட்கலாம். முதலில் காகிதத்தைக் கேட்கட்டும்!