டப்பாதானே என்று சொல்லாதீர்கள்!

கடலூர், சிதம்பரம் பக்கம் கல்லூரிக் கண்காட்சிகளில் அடிக்கடி தென்படும் காட்சி இது. ஒரு தெர்மாகோல் அட்டை. அதன் மேல் பிரெட்போர்டு. கடையில் கிடைத்த எல்லா நிறத்திலும் ஜம்பர் வயர். பக்கத்தில் யாராவது தும்மினால் ஒரு வயர் கழன்றுவிடும். "இதுக்கு டப்பா எங்கேப்பா?" என்று கேட்டால், "டப்பாதானே சார், கடைசியில பாத்துக்கலாம்" என்று பதில் வரும். அந்தக் கடைசி வருவதே இல்லை. வைவா முடிந்ததும் எல்லாம் பாலிதீன் பையில் பரணுக்குப் போய்விடும்.

'தானே' என்ற சொல்லைக் கடலூர்க்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் மாவட்டத்தையே புரட்டிப்போட்ட புயலுக்கு அதுதான் பெயர்.

காமர்ஸ் வகுப்பில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பது இது: அரைகுறைச் சரக்கு வேறு, முடிந்த சரக்கு வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் எழுதினால் கணக்கு பொய். டப்பா இல்லாத பிராஜக்ட் அரைகுறைச் சரக்கு. அதற்கு முழு மார்க் போடுவதும் பொய்க் கணக்குதான்.

டப்பா அழகுக்காக என்று நினைப்பதில்தான் தப்பே ஆரம்பிக்கிறது. அளக்கிற கருவிக்கு டப்பாவும் கருவியில் ஒரு பாதி. 1860-களில் தாமஸ் ஸ்டீவன்சன் என்ற பொறியாளர் வடிவமைத்த வெள்ளை மரப்பெட்டியை வானிலை நிலையங்களில் பார்த்திருப்பீர்கள். நான்கு பக்கமும் சாய்வுச் சட்டங்கள். வெயில் நேராக விழாது, காற்று தாராளமாகப் போய்வரும். அந்தப் பெட்டி இல்லாவிட்டால் உள்ளே எவ்வளவு உசத்தியான தெர்மாமீட்டர் இருந்தாலும் அது காட்டுவது வெயிலின் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல.

அவ்வளவு தூரம் போவானேன்? கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் சிப்காட் வந்தால் பஸ்ஸில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். பொத்தினால் போதுமா? குடிகாடு, ஈச்சங்காடு, சோனஞ்சாவடி போன்ற ஊர்களின் மக்கள் 2004-ல் வேறு வேலை செய்தார்கள். காற்றைப் பிடித்தார்கள். எதில்? வாளியில்! இறுக்கமான மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ளே டெட்லார் என்ற ரசாயனத்தோடு எளிதில் வினைபுரியாத பை, ஒரு சின்ன பம்ப். பம்ப் வாளிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். பை உப்பும். வெளிக்காற்று பம்ப்பைத் தொடாமல் நேராகப் பைக்குள் போகும். 1990-களில் கலிபோர்னியாவில், எண்ணெய் ஆலைகளுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக உருவான முறை இது. அப்படிப் பிடித்த கடலூர்க் காற்றை ஆய்வகத்துக்கு அனுப்பியதில் 20-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் தெரியவந்தன. புற்றுநோய் உண்டாக்குபவையும் அதில் இருந்தன. "நாத்தம் அடிக்குது" என்ற புகார் அன்றுதான் ஆதாரமாக மாறியது. அந்த ஆதாரத்தைக் கெடாமல் ஆய்வகம் வரை காப்பாற்றியது ஒரு கூடு.

இன்று சில ஆயிரம் ரூபாயில் தூசு சென்சார் வாங்கலாம், முப்பரிமாணப் பிரின்டரில் கூடும் செய்யலாம். வசதி கூடியிருக்கிறது, அக்கறை கூடவில்லை. வலையில் இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு டிசைனை இறக்கி, பி.எல்.ஏ. இழையில் அடித்து, ஹாட் க்ளூ வைத்து ஒட்டிவிட்டு "முடிஞ்சுது" என்கிறார்கள். பி.எல்.ஏ. சுமார் 60 டிகிரியில் இளகிவிடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்த கறுப்பு டப்பா அந்தச் சூட்டை நெருங்கிவிடும். பெட்ஜியோ ஏ.எஸ்.ஏ.வோ தாங்கும். ஏ.பி.எஸ். தாங்கும், ஆனால் புதிதாக அடித்த ஏ.பி.எஸ். தானே ஸ்டைரீன் வாடையை விடும். நாற்றத்தை அளக்கப் போன சென்சார் தன் வீட்டு நாற்றத்தையே அளந்து உட்கார்ந்திருக்கும் :-)

மாட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் நேராக ஸ்க்ரூவை முறுக்கினால் இரண்டு மூன்று தடவையில் மரை தேய்ந்துவிடும். சால்டரிங் அயர்னால் சூடாக்கி பித்தளை மரையைப் பதிக்க வேண்டும். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், உப்புக்காற்று சாதா இரும்பை விடாது. வயர் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையும் முன் தொங்கலாக ஒரு வளைவு வேண்டும். இல்லையென்றால் மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டே போர்டுக்குப் போய்விடும். காற்று வரும் வாய் கீழே பார்க்கட்டும், அதற்கு எறும்பு புகாத வலை. பலரும் வாங்கும் எஸ்.டி.எஸ். 011 தூசு சென்சாருக்கு அதிகபட்ச ஈரப்பதம் 70 சதவீதம்தான். ஐப்பசி மழையில் கடலூர்க் காற்று அதைச் சுலபமாகத் தாண்டும், சென்சார் நீர்த்துளியையும் தூசு என்று எண்ணும். அதனால் உள்ளே ஓர் ஈரப்பதச் சென்சாரும் வைத்தே ஆக வேண்டும்.

"எலக்ட்ரிகல் கடையில ஜங்ஷன் பாக்ஸ் விக்குதே, அதை வாங்கினா போதாதா?" நியாயமான கேள்வி. மோட்டார் ஸ்விட்சுக்கு அதுதான் சரி, பிரின்டரே வேண்டாம். ஆனால் அது காற்றை உள்ளே விடாமல் இருப்பதற்காகவே செய்த பெட்டி. மூச்சு விட வேண்டிய சென்சாரை அதில் பூட்டினால், அது பெட்டிக்குள் இருக்கும் காற்றைத்தான் அளக்கும்.

செலவைச் சொல்லித் தப்பிக்கவும் முடியாது. ஒரு கிலோ இழை ஆயிரம் ரூபாய் சுற்றளவில் கிடைக்கிறது, ஒரு டப்பாவுக்கு நூறு கிராம் போதும். யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு மூக்கால் அழுவது என்ன நியாயம்?

இது மார்க் சமாச்சாரம் மட்டும் இல்லை மக்களே. சிப்காட் பக்கத்து மாடி ஒன்றில் மாணவர்கள் வைத்த கருவி மழைக்கு ஒரு நம்பர், வெயிலுக்கு ஒரு நம்பர் காட்டினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல செய்தி கிடையாது. "பசங்க விளையாட்டு" என்று ஒரே வரியில் தூக்கிப் போட்டுவிடுவார். மூக்கைப் பொத்திக்கொண்டு வாழும் ஜனங்களுக்கு அது துரோகம். விலை மலிந்த சென்சார் ஆய்வகத்துக்கு ஈடாகாதுதான். ஆனால் ஒழுங்கான கூட்டில் இருந்தால், எந்த நாள் எந்த நேரம் போய்க் காற்றைப் பிடிக்கலாம் என்றாவது கைகாட்டும்.

எக்ஸ்டர்னலாக வரும் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. சர்க்யூட் டயக்ராமைக் கேட்பதற்கு முன் பிராஜக்டைத் தூக்கி ஒரு குலுக்கு குலுக்குங்கள். பிறகு மேலே ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். அப்புறமும் ஓடினால் மார்க் போடுங்கள்.