சமையலறை முன்துணியும் நமது தறியும்

நெசவாளர் சங்கக் கூட்டங்களிலும் விவசாயிகள் சங்கக் கூட்டங்களிலும் நூல் விலை, பருத்தி விலை, சாயச் செலவு, கூலி, தேங்கிய சரக்கு ஆகியவற்றைப் பற்றியே நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அவை பேசப்பட வேண்டியவையே. ஆயினும், நாம் விளைவித்து நெய்யும் துணி நமது சொந்த வீட்டில் எந்த அறையை விட்டு வெளியேறிவிட்டது என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தால், சமையலறை என்றே விடை வரும். அடுப்பின் முன் நிற்பவர் உடுத்தியிருப்பது பாலியெஸ்டர்ப் புடவையாகவோ செயற்கை இழை கலந்த நைட்டியாகவோ இருக்கிறது. ஏப்ரன் என்று ஒன்று ஆணியில் தொங்குமானால், அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுடைய கடைச்சரக்கு. பருத்தியால் ஆன கைத்தறி முன்துணியை வீட்டு வழக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதும், அதை நமது சங்கங்களே நெய்து தைத்து விற்க வேண்டும் என்பதும் நமது அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்கிறோம்.

ஏப்ரன் என்றவுடன், இது மேல்நாட்டார் வழக்கம், நமக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். பெயர் மேல்நாட்டுப் பெயர்தான், தேவை நம்முடையது. பருத்தி எடுக்கும் பெண்கள் இடுப்பில் துணியால் மடி கட்டிக்கொள்வதை அறியாத விவசாயி உண்டோ? களையெடுக்கச் செல்லும் சகோதரிகள் புடவைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது எதற்காக? கலியாணச் சமையற்காரர் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டாமல் அடுப்பருகே போவதில்லை. வீட்டில் தாய்மார்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கரித்துணியைத் தேடுவதும் இதன்பாற்பட்டதே. உடுத்திய ஆடையை வேலையினின்றும், வேலை செய்யும் உடலை வெப்பத்தினின்றும் காப்பதற்கு ஒரு மேல்துணி வேண்டும் என்பதை நம் மக்கள் எக்காலத்தும் உணர்ந்தே இருந்தனர். அதற்கு ஒழுங்கான உருவம் கொடுப்பதொன்றே எஞ்சியுள்ள வேலை.

பழைய பாணி ஏப்ரன்களின் வரலாற்றில் பருத்தி விளைவிப்போருக்கு ஓர் அரிய பாடம் இருக்கிறது. அமெரிக்காவில் மாவும் சர்க்கரையும் கோழித் தீவனமும் ஒரு காலத்தில் மரப் பீப்பாய்களில் விற்கப்பட்டன. தையல் இயந்திரம் பரவிய பின்பு, உறுதியான பருத்திப் பைகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. காலியான பையைத் தையல் பிரித்து, வெளுத்து, ஏப்ரனாகவும் குழந்தைகளின் சட்டையாகவும் தைத்துக்கொள்வது கிராமத்துக் குடும்பங்களின் வழக்கமாயிற்று. தீவனம் அடைக்கும் நூறு பவுண்டுப் பை ஒன்றைப் பிரித்தால் ஒரு கெஜத்துக்குச் சற்று மேற்பட்ட துணி கிடைக்கும். ஓர் ஏப்ரனுக்கு அதுவே போதும். இதனைக் கண்டுகொண்ட மாவு ஆலைகளும் பை உற்பத்தியாளரும் 1920களிலிருந்து கட்டங்களும் பூக்களும் கொண்ட துணியிலேயே பைகளைத் தயாரித்தனர். வணிகப் பெயரை எளிதில் துவைத்து நீக்கக்கூடிய மையில் அச்சிட்டனர். 1930களின் பொருளாதார மந்தத்தில் பல வீடுகளின் மானத்தைக் காத்தது இந்தப் பைத்துணிதான்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. 1938இல் அமைந்த அமெரிக்கத் தேசியப் பருத்திக் கவுன்சில், பருத்திப் பைகளைக் கொண்டு வீட்டில் என்னென்ன தைக்கலாம் என்று விளக்கும் சிறு புத்தகங்களை 1940களில் வெளியிட்டது. பருத்தியின் சந்தை ஏலக்களத்தில் மட்டுமில்லை, தையல் இயந்திரத்தின் முன் அமரும் குடும்பத்தலைவியின் கையிலும் இருக்கிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் காகிதப் பையும், அதன் பின் பிளாஸ்டிக் பையும் வந்தன. பருத்திப் பை மறைந்தது. உழவர் ஒரு சந்தையை இழந்தார். சமையலறை ஒரு துணியை இழந்தது. அந்த இரு இழப்புகளும் ஒரே சமயத்தில் நேர்ந்தவை என்பது சிந்திக்கத்தக்கது.

உருவத்தைப் பற்றியும் பிற நாட்டார் அனுபவம் உதவும். முதல் உலகப் போரின்போது, 1917இல், அமெரிக்க உணவு நிர்வாகத்தின் தலைவராக ஹெர்பர்ட் ஹூவர் பொறுப்பேற்றார். அக்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கிய ஒருவகை ஏப்ரனில் முன்பக்கம் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும். மேல் மடல் அழுக்கானால், உள்மடலை மேலே மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஒரே உடை இருமுறை சுத்தமாகப் பயன்படும். ஜப்பானியரோ மேல்நாட்டு ஏப்ரனை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. கிமோனோவின் அகன்ற கைகள் அடுப்பிலும் பாத்திரத்திலும் படாதவாறு, கைகளோடு கூடிய கப்போகி என்னும் வெள்ளை மேலங்கியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தங்களுக்கென்று அமைத்துக்கொண்டனர். தங்கள் உடை எதுவோ, அதற்கேற்ற காப்பு எது என்று அவர்கள் கேட்டுக்கொண்டனர். அந்தக் கேள்வியைத்தான் நாமும் கேட்க வேண்டும். நமது உடை புடவை. அதன் தொங்கும் பகுதி முந்தானை. முந்தானையை அடக்காத ஏப்ரன் எவ்வளவு அழகாக இருப்பினும் நமக்குப் பயனற்றது.

இதனை அழகைப் பற்றிய பேச்சாக எண்ணிவிடலாகாது. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீப்புண்களுக்கு ஆளாகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. திறந்த அடுப்பும், தளர்ந்து தொங்கும் ஆடையும் இவ்விபத்துகளின் காரணங்களுள் அடங்கும். பாலியெஸ்டரும் நைலானும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்கின்றன, புண் ஆழமாகிறது. பருத்தி உருகுவதில்லை. ஆனால் பருத்தியும் எரியக்கூடியதே என்பதை மறைத்து விற்பது கூட்டுறவு தர்மம் ஆகாது. மெல்லிய, இழை விலகிய பருத்தித் துணி விரைந்து தீப்பற்றும். நெருக்கமாக நெய்த தடித்த துணி அவ்வளவு விரைவில் பற்றுவதில்லை. ஆகவே, முன்துணி தீயைத் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. தொங்கும் தலைப்பை அது உடலோடு சேர்த்து அடக்குகிறது. தெறிக்கும் எண்ணெய்க்கும் தோலுக்கும் இடையே ஒரு படலமாகிறது. இவ்வளவே அதன் பயன், இதுவே பெரும்பயன்.

இனி, துணியும் தையலும். 20ஆம் நம்பர் நூலில், பாவும் ஊடையும் நெருங்க நெய்த துணி இதற்குப் பொருத்தமானது. கறை எளிதில் தெரியாதிருக்கக் கட்டம் போட்ட துணி நல்லது. சாயம் போகாதிருத்தல் அவசியம். ஒருமுறை துவைத்ததும் வெளுக்கும் முன்துணி சங்கத்தின் பெயரையும் சேர்த்து வெளுத்துவிடும். 36 அங்குலப் பன்னாவில் ஒன்றேகால் மீட்டர் துணி எடுத்து, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து உலர்த்திய பின்பே வெட்ட வேண்டும். இல்லையேல் தைத்த பின் சுருங்கும். 28 அங்குல அகலமும் 34 அங்குல நீளமும் உடற்பகுதிக்கு. அதன் மேல் 10 அங்குலத்தில், நடுவே 12 அங்குலம் மார்புப் பகுதிக்கு விட்டு, இருபுறமும் வளைவாக வெட்டிவிடலாம். பக்கத்தில் எஞ்சும் நீண்ட துணியில் இரண்டு அங்குல அகலத்தில் மூன்று பட்டைகள் கிடைக்கும். ஒன்று கழுத்துக்கு, இரண்டு இடுப்புக்கு. கீழே எஞ்சும் துண்டில் ஒரு பை தைத்தபின், மீதியை மடித்துத் தைத்தால் ஒரு கரித்துணியும் ஆகும். துணியில் வீண் என்பது இல்லை.

அணியும் முறையும் முக்கியம். முந்தானையை முதுகு வழியே வலப்புறமாக முன்னுக்குக் கொண்டுவந்து இடுப்பில் செருகி, அதன்மேல் முன்துணியை அணிய வேண்டும். இடுப்புப் பட்டைகளைப் பின்னால் முடியாமல், சுற்றிவந்து முன்பக்கம் உருவு முடிச்சாகப் போட வேண்டும். ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் அவிழும். பின்னால் இறுகிய முடிச்சைத் தேடிக்கொண்டிருக்க நேராது.

புதுத்துணி வாங்க இயலாத வீடுகளிலும் இதற்குத் தடையில்லை. சென்னிமலைப் போர்வை போன்ற தடித்த விரிப்பு நடுவில் நைந்துபோனாலும், ஓரங்கள் பல ஆண்டு உறுதியாகவே இருக்கும்; அவ்வோரங்களில் முன்துணி தைக்கலாம். ஆனால் நைந்து மெலிந்த பழைய வேட்டி இதற்கு உதவாது; அது எளிதில் தீப்பற்றும்.

சங்கத்தின் வரவு செலவையும் பார்ப்போம். கரூரிலிருந்து ஏப்ரன்கள், கைத்துடைப்பான்கள், மேசை விரிப்புகள் முதலிய வீட்டுத் துணிகள் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. கைத்தறியில் வளர்ந்த அவ்வூர்த் தொழிலில் இன்று விசைத்தறி பெரும்பங்கு கொண்டுள்ளது என்றாலும், ஒன்று தெளிவாகிறது. அயல்நாட்டுச் சமையலறைக்கு வேண்டிய துணியை நெய்யத் தமிழ்நாட்டுக்குத் தெரியும்; நமது சமையலறைக்கு நெய்யத்தான் நாம் எண்ணவில்லை. புடவையும் வேட்டியும் தீபாவளி, பொங்கல் தள்ளுபடிக் காலங்களை நம்பியிருப்பவை. முன்துணிக்குப் பண்டிகை வேண்டுவதில்லை. அடுப்பு எரியும் எல்லா நாளும் அதற்கு நாளே. தேங்கிக் கிடக்கும் தடித்த கட்டத் துணிகளையும் இவ்வகையில் விற்றுக் கரைக்கலாம். தையல் வேலை, தறியில் அமராத குடும்பப் பெண்களுக்குக் கூலி தரும். கடையில் கிடைக்கும் செயற்கை ஏப்ரன் நம்முடையதை விட மலிவாக இருக்கும் என்பது உண்மை. விலையில் அதனோடு போட்டியிட நாம் முயலக்கூடாது. உழைப்பிலும் பாதுகாப்பிலும் போட்டியிட வேண்டும்.

பருத்தி விவசாயிகளுக்கு இதில் தனிப்பட்ட நன்மையும் உண்டு. பருத்தி எடுக்கும்போது உரச் சாக்கு போன்ற பிளாஸ்டிக் சாக்குகளைப் பயன்படுத்தினால், அவற்றின் இழைகள் பிரிந்து பஞ்சில் கலக்கின்றன. அவை பருத்தியின் சாயத்தை ஏற்பதில்லை. நூலிலும் துணியிலும் குறையாகத் தெரிகின்றன. அதனால் பருத்தியின் மதிப்புக் குறைகிறது. பருத்தித் துணியாலான மடியில் எடுத்தால் இக்கேடு இல்லை. ஆகவே, பெரிய பை வைத்த முன்துணியை நெசவாளர் சங்கம் தைத்துத் தர, விவசாயிகள் சங்கம் பருத்தி எடுக்கும் பெண்களுக்கு அதை வாங்கி அளிக்கட்டும். சுத்தமான பஞ்சுக்கு விவசாயி நல்ல விலை பெறுவார். சுத்தமான நூல் நெசவாளருக்குத் திரும்பி வரும். கூட்டுறவு என்பதன் பொருளும் இதுவன்றோ?

இறுதியாக ஒரு ஆட்சேபம். மேல்நாடுகளில் ஏப்ரன் பெண்ணை அடுப்படியோடு கட்டிப்போட்ட சின்னம் என்று கருதப்பட்டதால், பலர் அதைக் கழற்றி எறிந்தனர். அந்தக் கட்டை நாம் இங்கே கொண்டுவருகிறோமா? இல்லை. தறியில் அமர்பவருக்குத் தறி வேலைக்கேற்ற உடை உண்டு. வயலில் இறங்குபவருக்கு வயலுக்கேற்ற உடை உண்டு. சமையலும் வேலைதான். அதற்கு மட்டும், கிழிந்தது எதுவோ அதுவே போதும் என்று விட்டுவைத்தது அவ்வேலையை நாம் மதியாததன் அடையாளம். சங்கம் தைக்கும் முன்துணி ஆண்களின் உயரத்துக்கும் இருக்கட்டும். கணவரும் மகனும் அதை எடுத்துக் கட்டிக்கொள்ளும் வீட்டில், அது கட்டு என்ற பேச்சே எழாது.

பெரிய திட்டம் எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. ஒவ்வொரு சங்கமும் ஒரு தறியில் ஒரு பாவு இதற்கென ஓட்டலாம். மூன்று அளவுகளில் தைத்து, முதலில் அங்கத்தினர் வீடுகளுக்கே கொடுத்து, மூன்று மாதம் கழித்துக் குறைகளைக் கேட்கலாம். பட்டை நீளமா, பை ஆழமா, சாயம் நின்றதா என்று சமைப்பவர்களே சொல்லட்டும். அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்த பின், 1935இல் தோன்றி இன்றளவும் நமது துணிகளை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸ் போன்ற விற்பனை நிலையங்களுக்கு மாதிரியை அனுப்பலாம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்து விவாதிக்குமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அந்தக் கூட்டத்துக்குச் சமையலறையில் நிற்பவர்களையும் அழைத்து அமரச் செய்ய வேண்டும் என்பது நமது வேண்டுகோள்.