நெருக்கடி வேளையில் ஆங்கிலம்

1990 சனவரி 25ஆம் நாள், கொலம்பியாவினின்றும் நியூயோர்க் நோக்கிச் சென்ற அவியங்கா விமானம், ஒரு மணி நேரத்துக்கு மேலாக வானிலே காத்திருந்து, எரிபொருள் தீர்ந்து வீழ்ந்தது. 73 பேர் மாண்டனர். அவசரநிலையென அறிவிக்குமாறு தலைமை விமானி ஸ்பானிய மொழியிற் பணித்திருந்தார். துணை விமானியோ, எரிபொருள் தீர்கின்றதென்று மட்டுமே ஆங்கிலத்திற் கூறினார். வாக்கியத்திற் பிழையில்லை, 'அவசரநிலை' என்னும் அந்த ஒரு சொல்லே இல்லை.

நாமோ ஆங்கிலத்தை ஆறவமரக் கட்டுரை எழுதியே பயில்கின்றோம். (யானும் அவ்வாறு புள்ளி பெற்றவனே.) மருத்துவமனைக்கும் கப்பலுக்கும் பணிக்குச் செல்லும் நம் மாணவருக்கு அது போதாது. வாரத்தில் ஒரு பாடவேளையேனும் கடிகாரத்தை முன்வைத்து, நேர்ந்தது யாது, வேண்டுவது யாது என்பவற்றை இரண்டே வாக்கியங்களில் வாய்விட்டுரைக்கப் பழக்குதல் வேண்டும். கேட்டவர், வானோடிகளின் வழக்கம்போல், அதனைத் திருப்பிச் சொல்லுதலும் வேண்டும்.