குடும்பத்தின் மீள்திறன்: யார் தோளில்?

பெரும் இடர் ஒன்று வந்தபின் வேலைகளைப் புதிதாகப் பங்கிட்டுக்கொண்டு, யாரையும் கைவிடாமல் வாழ்வைத் தொடரும் ஆற்றலே குடும்பத்தின் மீள்திறன். தனி மனிதரின் மனவுறுதி வேறு, இது வேறு. ஒருவர் தளரும்போது இன்னொருவர் தாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில்தான் இந்த ஆற்றல் இருக்கிறது. மனச்சிதைவு போன்ற நீண்டகால நோயில் அந்த ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் சோதிக்கப்படுகிறது.

இரண்டாம் உலகப் போரில் குடும்பத் தலைவர் படைக்குப் போனதும் திரும்பி வந்ததும் அமெரிக்கக் குடும்பங்களை எப்படிப் பாதித்தன என்பதை ரூபன் ஹில் ஆராய்ந்து 1949-இல் நூலாக வெளியிட்டார். இடரின் அளவு மட்டும் நெருக்கடியைத் தீர்மானிப்பதில்லை. கையிலுள்ள வளமும், அந்த இடரைக் குடும்பம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன என்பது அவர் வகுத்த சட்டகம். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தனர். கடும் இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தனர். அவர்களுக்குத் துணையாகப் பெற்றோர் மட்டுமின்றித் தாத்தா, பாட்டி, அக்கா, அண்டை வீட்டார் என யாரோ ஒருவர் இருந்தார். 1990களில் ஃப்ரோமா வால்ஷ் இந்த ஆற்றலைக் குடும்பத்தின் நம்பிக்கைகள், அமைப்பு, பேச்சுப் பரிமாற்றம் என மூன்று தளங்களில் வைத்து விளக்கினார்.

இந்திய மனநல மருத்துவம் இந்தக் கோட்பாடுகளுக்குக் காத்திருக்கவில்லை. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரங்கள் அடித்து நோயாளிகளுடன் உறவினரையும் தங்கவைத்தார். நோய் தணிவதைக் கண்ணால் கண்ட உறவினர், நோயரை வீட்டுக்கு அழைத்துப் போகத் தயங்கவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தினர் உடன் தங்கும் முறையைத் தொடக்க காலத்திலேயே கைக்கொண்டது. படுக்கையும் பணியாளரும் குறைவு என்ற நெருக்கடி இதற்கு ஒரு காரணம். ஆனாலும் நோயைக் குடும்பம் உண்டாக்குகிறது என்ற கருத்து மேலை நாடுகளில் ஓங்கியிருந்த காலத்தில், இங்கே குடும்பம் சிகிச்சையின் கூட்டாளியாக இருந்தது.

அடுத்து வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்கு வலுச்சேர்த்தன. உலக சுகாதார நிறுவனம் 1960களின் இறுதியில் ஒன்பது நாடுகளில் தொடங்கிய ஆய்வில், ஆக்ராவிலும் நைஜீரியாவின் இபாதானிலும் மனச்சிதைவு நோயர் பலர் பணக்கார நாடுகளின் நோயரைவிட நன்கு தேறியிருந்தனர். நோயரைக் கடிந்துகொள்வது, எரிந்து விழுவது, அவரிடம் அளவு மீறி ஒட்டிக்கொள்வது ஆகியவற்றை ‘உணர்ச்சி வெளிப்பாடு’ என்ற பெயரில் அளந்த ஆய்வுகளில், சண்டிகர்க் குடும்பங்களின் அளவு லண்டன் குடும்பங்களைவிடத் தாழ்ந்திருந்தது. இவற்றை வைத்து, ‘கூட்டுக் குடும்பம் காக்கும்’ என்பது பாடநூல் வாக்கியமாகவே ஆகிவிட்டது. ஆனால் 2008-இல் அலெக்ஸ் கோஹன், விக்ரம் படேல், ஆர். தாரா, ஓயே குரேஜே ஆகியோர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து, வளரும் நாடுகளில் நோயின் போக்கு நல்லதாகவே இருக்கும் என்ற முடிவைக் கேள்விக்கு உட்படுத்தினர். குடும்பத்தின் பலம் மெய்யானதுதான். அது எல்லா வீட்டிலும் ஒரே அளவில், ஒரே விலைக்குக் கிடைப்பதில்லை.

பண்பாட்டின் பலம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது வீட்டுக்குள் சின்னச் சின்ன வேலைகளாகவே தென்படும். மாத்திரையைக் காலைக் காப்பியோடு நீட்டும் தாய், ஞாயிறுதோறும் வந்து மைத்துனரை முடிவெட்டும் கடைக்கு அழைத்துப்போகும் தங்கை கணவர், கடையில் பாதி நாள் உட்கார இடம் தரும் தாய்மாமன், ‘இன்னும் சாப்பிடலையா?’ என்று வாசலில் கேட்கும் எதிர்வீட்டம்மா. இவர்கள் யாரும் இதைச் சிகிச்சை என்று நினைப்பதில்லை. கேஸ் ஷீட்டிலும் இவர்களுக்கு இடமில்லை. குடும்ப வரலாறு என்ற பகுதியில் அப்பாவின் குடியும் பெரியம்மாவின் நோயும் பதிவாகும். தங்கை கணவரின் ஞாயிற்றுக்கிழமை பதிவாவதில்லை. அவர் வேலை மாறி வெளியூர் போன மாதத்தில் நோயர் குளிக்காமல், வெளியே வராமல் முடங்கினால், குறிப்பில் மருந்தின் அளவு மட்டும் கூடும்.

பலத்தைத் தாங்குபவர் யார் என்பதும் பதிவாக வேண்டும். மனச்சிதைவால் மணவாழ்வு முறிந்த பெண்களைச் சென்னையில் ஆராய்ந்த தாராவும் அவருடன் பணியாற்றியவர்களும், அவர்களில் பெரும்பாலோர் பிறந்த வீட்டுக்கே திரும்பி, வயதான பெற்றோரின் பராமரிப்பில் இருப்பதைக் கண்டனர். குடும்பம் கைவிடவில்லை என்று சொல்லத்தக்க அந்த வீடுகளில் பாரம் முழுவதும் ஒரு தாயின் தோளில் இருக்கக்கூடும். ‘எங்களுக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்?’ என்பது புறநோயாளர் பிரிவில் தினமும் கேட்கும் கேள்வி. ‘உங்கள் குடும்பம் பலமானது’ என்ற பாராட்டு, உதவி கேட்க வந்த அந்தத் தாயின் வாயை அடைத்துவிடும்.

நம்பிக்கைகளுக்கும் இரண்டு முகம் உண்டு. 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில் ரகுராமும் குழுவினரும், தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் குடும்பத்தாருடன் சில வாரங்கள் தங்கிய 31 பேரைக் கவனித்தனர். மருந்து ஏதுமில்லாமலே அவர்களின் நோய்க்குறி அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அங்கே தங்குவதற்கு இடமும், இழிவில்லாத சூழலும், செய்வதற்குச் சிறு வேலைகளும் இருந்தன. அதற்கு ஓராண்டு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நாடி நோயர் வரும் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். இரண்டு இடங்களுக்கும் குடும்பங்களை அழைத்துவந்தது குணமாகும் என்ற நம்பிக்கைதான். கோயிலில் குடும்பம் உடன் தங்கியது. ஏர்வாடியில் சங்கிலி அதன் இடத்தைப் பிடித்திருந்தது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சங்கிலியிடுவதை எவ்வகையிலும் தடைசெய்கிறது. ஆகவே ‘செய்வினை’ என்று சொல்லும் குடும்பத்திடம் வாதம் செய்வதைவிட, எங்கே போனார்கள், யார் உடன் இருந்தார்கள், அங்கே நோயர் எப்படி நடத்தப்பட்டார் என்று கேட்பதே பயன் தரும்.

நடைமுறைக்கு இதிலிருந்து மூன்று வேலைகள் கிடைக்கின்றன. முதலாவது, குடும்ப உறவுகளை வரைந்து காட்டும் ஜீனோகிராமில் நோயையும் இறப்பையும் குறிப்பதுபோல உதவியையும் குறிப்பது: யார், எந்த வேலை, வாரத்தில் எத்தனை நாள். இரண்டாவது, வீட்டுக்கு வெளியே கை கொடுக்க ஆள் சேர்ப்பது. தமிழ்நாடு, கோவா, சாத்தாரா ஆகிய இடங்களில் 282 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்றபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நோயரின் நிலை ஓரளவு மேம்பட்டது. மூன்றாவது, 2017 சட்டம் தரும் ‘நியமனப் பிரதிநிதி’ என்ற ஏற்பாட்டை நோயர் தெளிவாக இருக்கும்போதே பேசி முடிப்பது. தனக்காக யார் பேச வேண்டும் என்பதை நோயரே சொல்ல, தாய்க்கு அடுத்த பெயர் ஒன்று தாளில் ஏறுகிறது.

உதவியைக் குறித்த அந்தப் படம் ஒரு முறை வரைந்து கோப்பில் வைப்பதற்குரியதன்று. பெற்றோருக்கு வயது ஏறும், தங்கைக்குக் குழந்தை பிறக்கும், மாமன் கடையை மூடுவார். ஆண்டுக்கு ஒரு முறையாவது குடும்பத்தை உட்காரவைத்து அதைத் திருத்தினால், எந்தத் தோள் தளர்கிறது என்பது நோய் மீண்டும் தலைதூக்குவதற்கு முன்பே தெரியவரும்.