சவாரி மாடு எண்டால் பெருமை, ஆர்.சி. கார் எண்டால் விசரோ?

"உந்தக் காசுக்கு ஒரு சோடி தோடு வாங்கியிருக்கலாமே பிள்ளை." இது பெரியம்மா.

"பெடியன் எண்டாலும் பரவாயில்லை. நீ பொம்பிளைப் பிள்ளை." இது பக்கத்து வளவு அங்கிள்.

"தோழர், இது சுத்த நுகர்வு வெறி." இது கம்பஸில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற நண்பன்.

மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துப்போனேன். அதனால் இஞ்ச எழுதிப் போடுகிறேன். இனி ஆர் கேட்டாலும் இதை அனுப்பிவிட்டு என்ர வேலையைப் பார்க்கலாம்.

நான் செய்த குற்றம் இதுதான். மூன்று வருடம் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் ரியூசன் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த காசில், 85,000 ரூபா கொடுத்து ஒரு ரிமோட் கார் வாங்கினேன். புதுசும் இல்லை. கனடாவில் மச்சாள் ஒருத்தியின் தம்பி ஓடி அலுத்துப்போய் விற்றது. பத்தில் ஒரு பங்கு அளவு, நாலு சில்லும் இழுக்கும், மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டும். மச்சாள் போன முறை கோயிலுக்கு வந்தபோது காரைப் பெட்டியிலும், பற்றரியைக் கைப்பையிலும் கொண்டுவந்தா. லித்தியம் பற்றரியைத் தனியாகக் கொண்டு போவதென்றால் விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

"ரிமோட் கார்" என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது திருவிழாக் கடையில் தொங்குகிற பிளாஸ்ரிக் சாமான். அதையும் இதையும் ஒரே பெயரால் கூப்பிடுவதில்தான் பிரச்சினை தொடங்குகிறது. அந்தக் காரைத் திறந்து பாருங்கோ: ஒரு சின்னச் சுற்றுப்பலகை, பசை போட்டு ஒட்டின ஒரு மோட்டார், அவ்வளவுதான். ஒரு பல்லுச் சக்கரம் தேய்ந்தால் கார் முழுக்கக் குப்பை. பிள்ளை இரண்டு நாள் அழும், அப்பா இன்னொன்று வாங்குவார், அதுவும் குப்பைக்குப் போகும்.

பொழுதுபோக்குக்கென்றே செய்த உயர்தரக் காரில் எல்லாமே வேறு வேறு உறுப்பு. மோட்டார் வேறு, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற பெட்டி வேறு, முன்சில்லைத் திருப்புகிற சேர்வோ வேறு, எண்ணெய் நிரப்பின சொக் அப்சோபர் வேறு. எது உடைந்தாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் இலக்கம் போட்ட வரைபடம் உண்டு. 1976-இல் ஜப்பானின் ரமியா நிறுவனம் தன்னுடைய முதல் மின் ரிமோட் காரை, போர்ஷ 934-இன் பன்னிரண்டில் ஒரு பங்கு மாதிரியை, வெளியிட்டது. அதற்காக ஒரு நிஜப் போர்ஷ 911-ஐ வாங்கித் துண்டு துண்டாகக் கழற்றிப் பார்த்தார்கள். கழற்றிப் பார்க்கிற அந்தக் குணம் இன்று வரைக்கும் இந்த விளையாட்டின் இரத்தத்தில் இருக்கிறது.

இனிப் பெரியம்மாவுக்கு.

எங்கட ஊரில் வேகத்துக்குக் காசு செலவழிப்பது புதுசா? மாட்டுவண்டிச் சவாரிக்கு மாடு வளர்க்கிற ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. நல்ல சோடி மாடு லட்சக்கணக்கில் போகும். அந்த மாடு உழாது, பாரம் இழுக்காது. வருடத்தில் சில நாள், சவாரித்திடலில் சில நிமிடம் ஓடுவதற்காக மற்ற நாளெல்லாம் அதைக் குளிப்பாட்டி, தீனி தேடிப் போட்டு, பிள்ளையைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். அவரை ஒருத்தரும் விசரன் எண்டு சொல்வதில்லை. "சவாரிக்காரர்" எண்டு மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

பட்டத்தை எடுங்கோ. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் ஏறுகிற பட்டங்களுக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு, எத்தனை ஆயிரம் காசு! ஒரு பின்னேரம் ஏறி இறங்கினதும் கதை முடிந்தது. அதை நாங்கள் வீண்செலவு எண்டு சொல்வதில்லை. கலை எண்டு சொல்லுறம். சரியாகத்தான் சொல்லுறம்.

"அது பாரம்பரியம்" என்பீர்கள். ஓம். ஆனால் முதல் முதல் வண்டியில் மாட்டைப் பூட்டி "வா, ஆர் முந்திறது எண்டு பார்ப்பம்" எண்டு சொன்ன மனிசனுக்கும் வீட்டில் ஏச்சு விழுந்திருக்கும். இத்தனைக்கும் என்ர கார் அடி வாங்காமல் ஓடும். தோடு வாங்கியிருந்தால் அது பெட்டிக்குள்ள கிடந்து, கலியாணத்தில் ஆரோ எண்ணிப் பார்க்கிற கணக்கில் ஒரு வரியாகப் போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாமத்தியவீட்டுக்கு ட்ரோன் பிடித்து மேலேயிருந்து படம் எடுக்கிறோமே, அதற்குள்ளும் லித்தியம் பற்றரிதான், ரேடியோ அலைதான். அதைப் பறக்கவிடுகிறவருக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கும்போது ஒருத்தருக்கும் நோகவில்லை. அதே பிள்ளை பிறகு தானே ஒரு கருவியைக் கையில் எடுத்தால் மட்டும் நோகிறது.

அங்கிளுக்கு வருகிறேன்.

கீரிமலைக் கேணிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ஆம்பிளையளின் கேணி கடலைப் பார்த்தபடி பெரிசாகத் திறந்து கிடக்கும். பெடியள் கட்டில் ஏறிக் குதித்து நீந்துவார்கள். எங்கட கேணி சின்னன், மதிலுக்குள்ள. ஒரே ஊற்றுத் தண்ணிதான், ஒரே உப்புக் கடலுக்குப் பக்கத்தில்தான். சின்ன வயதிலிருந்து அந்த மதிலுக்கு அங்கால கேட்கிற சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவள் நான். விளையாட்டு என்பது எங்களுக்கு எப்பவும் மதிலுக்கு அங்கால கேட்கிற சத்தம். பெடியள் பின்னேரம் ஆறரைக்கும் மைதானத்தில் நிற்கலாம். நான் நின்றால் "ஆரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?" எண்டு கேள்வி வரும். இப்ப என்னிடம் பதில் இருக்கிறது. காரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன் அங்கிள்.

"ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு உது என்னத்துக்கு" எண்டும் கேட்டீர்கள். யாழ்ப்பாணத்தில் கணிதப்பிரிவு எடுத்தால் மூளை, கலைப்பிரிவு எடுத்தால் மிச்சம். பிள்ளை இஞ்சினியராக வர வேண்டும் எண்டு ஐந்தாம் ஆண்டிலிருந்து ரியூசனுக்கு ஏற்றி இறக்குகிற அதே வீட்டில், அந்தப் பிள்ளை ஒரு மின்விசிறியைக் கழற்றினால் அடி விழும். டிஃபரன்ஷல் என்றால் என்ன எண்டு நான் புத்தகத்தில் படிக்கவில்லை. கார் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடத் தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சில்லு குறையத் தூரம். அந்த வித்தியாசத்தைப் பங்கு போடுகிறது உள்ளுக்குள் கிடக்கிற நாலைந்து பல்லுச் சக்கரம். கிணத்தடியில் கைமுழுக்கக் கிறீஸோடு இருந்து அதை விளங்கிக்கொண்ட அன்று எனக்குக் கிடைத்த சந்தோசத்தை எந்த மொடல் பேப்பரும் தந்ததில்லை.

இதெல்லாம் எங்களுக்கு அந்நியமும் இல்லை. ஒஸ்ரின் ஏ40-யையும் மொறிஸ் மைனரையும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓட்டின ஊர் இது. கொம்பனி உறுப்புச் செய்வதை நிறுத்தின பிறகும் எங்கட பட்டறைகள் கடைந்து, ஒட்டி, வளைத்து அதுகளை உயிரோடு வைத்திருந்தன. கழற்றிப் பூட்டக்கூடிய கார்தான் நிலைக்கும் எண்டு இந்த ஊருக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. நான் மலிவுக் காரை விட்டுவிட்டு விலை கூடினதை எடுத்ததும் அதே நியாயத்தில்தான்.

நடுவில் ஒருத்தர் இருக்கிறா. அவ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அம்மா.

கார் வந்த அன்று பற்றரியைக் கையில் எடுத்துப் பார்த்தா. "இதுக்கெல்லாம் ஒண்டும் சொல்ல மாட்டினமோ?" எண்டு மட்டும் கேட்டா. ஆர் சொல்ல மாட்டினமோ எண்டு நான் திருப்பிக் கேட்கவில்லை. 1990 ஆனியில் வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடினபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் பற்றரி என்பது யாழ்ப்பாணத்துக்குள் வரத் தடைசெய்யப்பட்ட பொருள். பெற்றோல், சீமெந்து, உரம் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் இருந்தன. சைக்கிளைக் கவிட்டு வைத்துப் பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டது அவவின் சின்ன வயது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினது அவவின் ஊர். "ரிமோட்" என்ற சொல் அவவின் காதில் ரீவியையோ காரையோ கொண்டுவராது, கிளைமோரைத்தான் கொண்டுவரும். றோட்டுக்கரையை விட்டு இறங்காதே எண்டு சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தவ. சிவப்புப் பலகையில் மண்டையோடு கீறின "மிதிவெடி" அறிவித்தல்களை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையில் நான் வெல்ல விரும்பாத வாதம் அம்மாவோடுதான். அவவின் பயம் பிழையில்லை. ஆனால் அந்தப் பயத்தைச் சொத்து மாதிரி எழுதி வாங்கிக்கொண்டு நான் இருக்க வேண்டுமா? உயர் பாதுகாப்பு வலயம் எண்டு எங்கட காணியை இருபது வருடத்துக்கு மேல் பூட்டி வைத்தார்கள். இன்னும் முட்கம்பிக்கு அங்கால கிடக்கிற காணிகள் உண்டு. திரும்பக் கிடைத்த நிலத்தில் வீடு கட்டலாம், கோயில் கட்டலாம், நினைவு நாள் செய்யலாம். எல்லாம் வேண்டும். அதே நிலத்தில் ஒரு தேவையும் இல்லாமல், சும்மா, புழுதி கிளப்பி ஒரு காரை ஓட்டவும் வேண்டும். "இவ்வளவு இழப்புக்குப் பிறகு விளையாட்டோ?" எண்டு கேட்கிறவர்களுக்கு: இழந்ததில் விளையாட்டும் ஒண்டு. அதை ஆரும் கணக்கெடுத்து நட்டஈடு தரப் போவதில்லை.

கடைசியாகத் தோழருக்கு.

உங்கட கேள்விதான் கஷ்டமானது. 85,000 ரூபா என்பது எங்கட ஒழுங்கையில் கனபேருக்கு ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூட. 2022-இல் டொலர் சில மாதத்துக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரைக்கும் ஏறினபோது, வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் நடுவில் விழுந்த வெடிப்பு இன்னும் மூடவில்லை. என்ர காரும் வெளிநாட்டு மச்சாள் இல்லாவிட்டால் வந்திராது. அங்க அவையள் இரண்டு வேலை செய்து களைக்க, இஞ்ச நாங்கள் அந்தக் காசில் படம் காட்டுகிற கதையும் எனக்குத் தெரியும். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் தோழர், வருடத்துக்கொருக்கா மாறுகிற ஃபோன் நுகர்வு வெறி. திறக்கவே ஏலாதபடி ஒட்டி விற்கிற சாமான் நுகர்வு வெறி. பத்து வருடம் பழுதுபார்த்து ஓட்டுகிற, இரண்டாம் கையாக வாங்கின ஒரு காரையும் அதற்குள் போட்டால் அந்தச் சொல்லுக்கே மரியாதை இல்லாமல் போகும். விலைதான் பிரச்சினை எண்டால் விலையைப் பிரிப்போம். எங்கட சனசமூக நிலையங்களில் கரம்போட் தனி ஆளின் சொத்தா? கிரிக்கெட் மட்டை? பத்திரிகை? இருபது பேர் சேர்ந்தால் என்ர காரின் விலை ஆளுக்கு 4,250 ரூபா. திருவிழாக் கடைச் சாமானின் விலைதான். உடைத்தவர் பூட்ட வேண்டும் எண்டு ஒரு விதி போதும்.

வாங்க நினைக்கிறவர்களுக்கும் நாலு சொல். பெட்டியில் போட்டிருக்கிற வேகத்தைப் பார்த்து மயங்காதீங்கோ. உதிரி உறுப்பு எடுக்கலாமா எண்டு முதலில் பாருங்கோ. இரண்டு செல், 7.4 வோல்ற் பற்றரி தொடங்குவதற்குத் தாராளம். லிப்போ பற்றரி விளையாட்டுச் சாமான் இல்லை: ஊதிப் பெருத்தால் பாவிக்க வேண்டாம், சார்ஜ் போட்டுவிட்டு நித்திரைக்குப் போக வேண்டாம், ஓடாத நாளில் ஒரு செல்லுக்கு 3.8 வோல்ற் அளவில் வைக்க வேண்டும். நான் கிணத்தடிச் சீமெந்தில் வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன். றோட்டில் ஓட வேண்டாம், சின்னப் பிள்ளையள் நிற்கிற இடத்தில் வேகம் வேண்டாம். எங்கட பக்கத்துச் சுண்ணக்கல் ரயரைத் தின்னும், கடற்காற்று பேரிங்கைத் தின்னும். ஓடி முடிந்ததும் துடைத்து எண்ணெய் விடாட்டி, இரண்டு மாதத்தில் கறள்.

எனக்கு அது பிந்தித்தான் விளங்கினது. பின்பக்கப் பேரிங் ஒன்று ஒரு கிழமையாகக் கத்துது. வாற ஞாயிறு பின்னேரம் வளவுக்குள்ள பாய் போட்டு முழுக்கக் கழற்றப் போகிறேன். பெட்டையள் ஆரும் வாறதெண்டால் வாங்கோ. பக்கத்து ஒழுங்கையில் பதினொரு வயசுக்காரி ஒருத்தி ஏற்கெனவே பேர் தந்திட்டா. தேத்தண்ணி என்ர பொறுப்பு. 2 மில்லிமீற்றர் அறுகோணச் சாவி இருந்தால் மறக்காமல் கொண்டுவாங்கோ, என்ரது தேய்ஞ்சு போச்சு.