சிக்கனம் சுவரில் இருக்கட்டும், அஸ்திவாரத்தில் வேண்டாம்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக் கொண்டேன். எழுதியவர் எங்கள் தென்காசிப் பக்கத்துச் சகோதரி. இரண்டு குழந்தைகளும் உள்ளூர் ஆரம்பப் பள்ளியில் படிக்கிறார்களாம். "பள்ளியில் இடம் போதவில்லை. ஒரு வகுப்பறை கட்ட ஊரில் எல்லோருமாகப் பணம் சேர்க்கிறோம். சேர்ந்தது கொஞ்சம்தான். இப்போதைக்குத் தென்னங்கீற்று வேய்ந்து சமாளிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

கேட்டவர் ஒருவர்தான். ஆனால் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தாய்மார்கள் எல்லோருக்கும் இது உதவும் என்பதால் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் கீற்று. வேண்டவே வேண்டாம், அம்மா! 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் நடந்ததை மறக்க முடியுமா? பள்ளிச் சமையல் இடத்தில் பிடித்த நெருப்பு கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளைக் கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்றினார்கள்.

"அப்போ செங்கல், சிமெண்ட் என்றால் பயமில்லை அல்லவா?" என்று கேட்பீர்கள். அப்படியும் இல்லை. 2021 டிசம்பர் 17-ஆம் தேதி திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது கீற்று இல்லை, சுவர்தான். ஆகவே விலை கூடிய பொருள் என்பதாலேயே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வந்து விடாது. எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கிறோம், எந்த இடத்தில் பிடிக்கவில்லை என்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

இது நமக்குத் தெரியாததா என்ன? கை இறுக்கமான மாதத்தில் நாம் தீபாவளிப் புடவையைத் தள்ளிப் போடுவோம். குழந்தைக்குக் கொடுக்கும் பாலைக் குறைக்க மாட்டோம். கட்டடத்துக்கும் அதே கணக்குதான்.

குறைக்கக் கூடாத இடம் அஸ்திவாரம். எங்கள் பக்கம் மலையடிவாரத்தில் செம்மண். கிழக்கே போகப் போகக் கரிசல். கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அதில் வானம் இன்னும் ஆழமாகத் தோண்ட வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கூடாது, மண்ணைப் பார்த்து என்ஜினீயர் சொல்ல வேண்டும். கல்லை எட்ட இருந்து லாரியில் வரவழைக்க வேண்டாம். பக்கத்துக் குவாரிக் கருங்கல்லே அஸ்திவாரத்துக்குப் போதும்.

குறைக்கக் கூடிய இடம் சுவரும் கூரையும். இந்த வித்தையைக் கற்றுத் தந்தவர் நமக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். செங்கோட்டை, ஆரியங்காவு தாண்டிப் போனால் திருவனந்தபுரம். அங்கே வாழ்ந்த லாரி பேக்கர், 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்ட கட்டடக் கலைஞர். ஏழைகளும் கட்டிக்கொள்ளக் கூடிய கட்டடம் வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் உழைத்தார். 1990-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2007-ல் மறைந்தார். திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களைப் பார்த்தால், பூசாத செங்கல் சுவர் இத்தனை அழகா என்று தோன்றும்.

அவர் பரப்பிய முறைகளில் ஒன்று எலிப்பொறிக் கட்டு. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்து, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம்! உள்ளே காற்று நிற்பதால் வெயிலின் சூடும் சீக்கிரம் இறங்காது. இலஞ்சிப் பக்கம் ஒரு வீடு இப்படி எழும்பிக் கொண்டிருந்தபோது, கொத்தனாரிடம் நானே கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, உள்ள பொள்ளலா விட்டுக் கட்டுதீய. நிக்குமா?"

"நல்லா நிக்கும்க்கா. கல்லு நல்லா வெந்த கல்லா இருக்கணும். மூலையிலயும் நிலைப்பக்கத்துலயும் பொள்ளல் விடாம அடைச்சுக் கட்டணும். ஒண்ணு, வேலை நிதானமாத்தான் போவும். அவசரப்படுத்துனா கெட்டுப் போவும்."

அவர் சொன்னது அத்தனையும் குறித்துக் கொள்ள வேண்டியது. இந்தக் கட்டு தெரிந்த கொத்தனாராகப் பார்த்துப் பிடியுங்கள். தெரியாதவரிடம் கொடுத்துவிட்டு முறையைக் குறை சொல்லக் கூடாது.

கூரைக்கு வருவோம். ஓடு போட்டால் செலவு குறைவு. ஆனால் குற்றாலத்துக் குரங்குகள் விட்டு வைக்குமா? ஆஸ்பெஸ்டாஸ் தகடு கோடையில் கொதிக்கும், மழைக்கு டீச்சர் பேசுவது காதில் விழாது. உடைந்து தூளானால் நுரையீரலுக்கும் கேடு. பேக்கர் காட்டிய வழி, ஓடு பதித்த காங்கிரீட் கூரை. காங்கிரீட் தளத்தின் அடிப்பக்கத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் காங்கிரீட்டுக்கு அதிக வேலை இல்லை. கம்பிகளுக்கு நடுவில் அந்த இடத்தில் மங்களூர் ஓடுகளைப் பதித்துவிட்டால் சிமெண்ட், ஜல்லி, கூரையின் கனம் எல்லாமே குறையும். இதைக் கட்டாயம் என்ஜினீயர் கணக்குப் போட்டுத் தர வேண்டும், கண் மதிப்பில் செய்யக் கூடாது.

எங்கள் ஊருக்கென்று இன்னொன்று உண்டு. ஆனி, ஆடியில் சாரல் நேராக விழாது. மேல்காற்றோடு சாய்ந்து அடிக்கும். சுவரில் ஓதம் ஏறினால் பூஞ்சணம், அதன் பின்னாலேயே குழந்தைக்கு இருமலும் இளைப்பும். ஆகவே மேற்குப் பக்கம் கூரையை இரண்டு, இரண்டரை அடி வெளியே நீட்டி, அந்தச் சுவரை மட்டும் நன்றாகப் பூசி விடுங்கள். மற்றச் சுவர்களைப் பூசாமல் விட்டால் பணம் மிச்சம். செங்கல்லிலேயே இடைவெளி விட்டுக் கட்டும் ஜாலியைக் கிழக்குப் பக்கம் வைத்தால் வெளிச்சமும் காற்றும் தாராளம். ஜன்னல் செலவும் குறையும்.

வாசல் படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளத்தையும் மறந்து விடாதீர்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் இருந்தால் சக்கர நாற்காலி சிரமமில்லாமல் ஏறும். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறதே, அதை 1981-ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்தவர். விரல் விட்டு எண்ணக் கூடிய மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பள்ளியாக அவர் ஆரம்பித்தது இன்று பெரிய மறுவாழ்வு மையம். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவர் பிறந்த மண்ணில் கட்டும் பள்ளியில், ஒரு குழந்தை படி ஏற முடியாமல் வெளியே நிற்கலாமா?

இனி ஊரின் பங்கு. இது புதிதல்ல. காமராஜர் முதல்வராக இருந்தபோது, கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கின. பள்ளிக்கு என்ன தேவை என்று பட்டியல் போட்டு ஊரின் முன் வைப்பார்கள். ஒருவர் நிலம், ஒருவர் பெஞ்சு, ஒருவர் கரும்பலகை என்று ஊர்க்காரர்கள் ஏற்றுக் கொள்வார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பெருமையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கொடுத்தவனுக்கு அது 'நம்ம பள்ளி' ஆகிவிடும் என்பார்கள்.

பணம் கொடுக்க முடியாத வீட்டாரும் ஒன்று செய்யலாம். சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் விடுவது! காங்கிரீட் போட்டு இரண்டு வாரம் ஈரம் காயாமல் இருந்தால்தான் அது பலம் பிடிக்கும். கூலி ஆள் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டார். தெருவுக்கு ஒரு நாள் என்று பெண்கள் முறை வைத்துக் கொண்டால் ஒரு நாளும் காயாது. காசு செலவில்லாமல் கட்டடத்துக்கு ஆயுள் கூட்டும் வேலை இது.

ஊர்ப் பணத்தோடு அரசுப் பணமும் சேர வழி உண்டா என்று பாருங்கள். 2021-ல் மறுபடி கொண்டு வரப்பட்ட 'நமக்கு நாமே' திட்டத்தில் ஊர் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தந்தது. இன்றைய விதி என்ன என்று யூனியன் ஆபீசில் கேளுங்கள். அரசுப் பள்ளி என்றால் அனுமதி, வரைபடம், என்ஜினீயர் கையெழுத்து இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

கட்டி முடித்ததும் நம் வேலை முடிந்து விடுவதில்லை. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்காவது பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பேருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து விடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவை, பின்பு ஒரு தடவை, கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். சுவரில் விரல் நுழையும் வெடிப்பு, சாய்ந்த மதில், கம்பி தெரியும் கூரை, கழிவறைப் பின்சுவர்... எதைக் கண்டாலும் அன்றைக்கே தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து, நகல் ஒன்றைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள். சரியாகும் வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது.

கடிதம் எழுதிய சகோதரிக்கு ஒரு வார்த்தை. சேர்ந்த பணம் குறைவு என்றால், கீற்றுக்குப் போக வேண்டாம். இந்த வருஷம் அஸ்திவாரத்தை உறுதியாகப் போட்டு விடுங்கள். சுவரும் கூரையும் அடுத்த வருஷம் எழும்பட்டும். அதுவரை மற்ற வகுப்போடு கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாது.